முன்னால் போகும் பஸ் பிரேக் போட்டால் பின்னால் வரும் லாரிக்கு தகவல்: வாகனங்கள் 'பேசிக்கொள்ளும்' கருவி வேலை செய்வது எப்படி?

செஞ்சி:
கிருஷ்ணகிரி-திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலை செஞ்சி வழியாக செல்கிறது. விற்பனை கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வரும் டிராக்டர், சரக்கு லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே ரோட்டில்தான் ஓடுகின்றன. பவுர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலத்துக்கு போகும் பஸ்களும் சேர்ந்துகொள்ளும்.

லாரிக்கு பின்னால் போகிறவருக்கு அதன் முன்னால் நடப்பது தெரியாது. திடீர் பிரேக் என்றால் மோதல்தான். 2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் பலியானார்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்.

இதை குறைக்க வருவதுதான் 'வி டூ வி' கருவி.

டவர் வேண்டாம்

இந்த கருவி வண்டி இருக்கும் இடம், வேகம், போகும் திசை, பிரேக் போட்டது ஆகிய விவரங்களை வினாடிக்கு சுமார் 10 தடவை ரேடியோ அலையில் அனுப்பும். சுமார் 300 மீட்டருக்குள் இதே கருவியுடன் வரும் வண்டிகள் அதை வாங்கிக்கொள்ளும். மோதும் நிலை வந்தால் டிரைவருக்கு எச்சரிக்கை வரும். செல்போன் டவர் தேவை இல்லை.

60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். ஒரு வினாடி முன்னால் தெரிந்தாலே உயிர் தப்ப வாய்ப்பு உண்டு.

இந்தியாவில் எப்போது?

ஜப்பானில் 2015-ம் ஆண்டிலேயே இது கார்களில் வந்துவிட்டது. அமெரிக்காவில் புதிய கார்களுக்கு கட்டாயமாக்க 2016-ல் யோசனை சொல்லப்பட்டது. அது நிறைவேறவில்லை. இந்தியாவில் இதை கொண்டுவரப்போவதாக மத்திய மந்திரி நிதின் கட்காரி 2026 ஜனவரியில் அறிவித்தார்.

சிக்கல் என்ன?

ஒரு வண்டியில் மட்டும் கருவி இருந்தால் பிரயோஜனம் இல்லை. எதிரே வருவதிலும் இருக்க வேண்டும். சைக்கிள், மாட்டு வண்டி, பழைய டிராக்டர், நடந்து போகிறவர் யாரும் இதற்கு தெரியமாட்டார்கள். 2022-ல் பலியானவர்களில் 100-க்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அவர்கள் வண்டிக்கும் கருவி வந்தால்தான் முழு பலன். செஞ்சி கோட்டை மலை போல பெரிய பாறை குறுக்கே நின்றால் சிக்னலும் குறையும்.

அதுவரை ஹெல்மெட்டும், டிராக்டர் பெட்டியின் பின்னால் ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கரும்தான் உயிர் காக்கும்.