கைக்குழந்தையோடு தீபாவளி: பலகாரம் யார் சுடுவது? பத்தியம் தேவையா? பச்சிளம் குழந்தை உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

பிரசவம் முடிந்து இருபது நாள்தான் ஆகிறது. அதற்குள் தீபாவளி வந்துவிட்டது. "சம்பந்தி வீட்டுலேர்ந்து பதினஞ்சு பேர் வர்றாங்க, அதிரசத்துக்கு இன்னும் மாவே இடிக்கல" என்று அம்மா அடுப்படியில் நிற்கிறார். உள்ளே மகளுக்கு ராத்திரி தூக்கமே இல்லை. தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில் நடப்பதால், பண்டிகை வேலையும் பிள்ளை பெற்றவளைப் பார்க்கும் வேலையும் ஒரே ஆள் மீது விழுகிறது. அந்த ஆள் குழந்தையின் பாட்டி.

சமையலை எப்படிப் பிரிப்பது?

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அதாவது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மா எழுந்தாக வேண்டும். இந்தக் கணக்கை வைத்துத்தான் வீட்டு வேலையைத் திட்டமிட வேண்டும்.

முறுக்கு, அதிரசம் போன்றவை நாள்பட இருக்கும் என்பதால் நான்கு நாள் முன்பே சுட்டு வைக்கலாம். தெரிந்தவர்களிடம் ஆர்டர் கொடுப்பது இன்னும் சுலபம். அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. பண்டிகை அன்று காலை இட்லி, மதியம் ஒரு சாம்பார், ஒரு பொரியல், பாயசம் போதும். பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பதை மாப்பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும். தலைதீபாவளி மரியாதையை இந்த ஒரு வருடம் தள்ளி வைக்கலாம்!

அம்மா என்ன சாப்பிடலாம்?

"தண்ணி அதிகம் குடிக்காதே, வயிறு போடும்", "காய் சாப்பிட்டா பிள்ளைக்குச் சேராது" என்பதெல்லாம் பல வீடுகளில் இன்றும் கேட்கிற பேச்சு. உண்மையில் பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீரும் காய்கறி, பழம், முட்டை, பருப்பும் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தேவை. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு போன்ற பத்தியச் சமையல் நல்லதுதான். ஆனால் அது மட்டுமே சாப்பாடு என்று ஆகிவிடக் கூடாது. பலகாரம் ஒன்றிரண்டு சாப்பிடலாம். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் மட்டும் இனிப்பில் கைவைக்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குழந்தை நாக்கில் இனிப்பு தடவலாமா?

வேண்டாம். "நல்ல நாளும் அதுவுமா ஒரு சொட்டு" என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைக்கப் பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதிலும் தேன் ரொம்ப ஆபத்து. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதனால் போட்டுலிசம் என்ற, நரம்புகளைத் தாக்கும் நோய் வரலாம்.

எண்ணெய்க் குளியலும் அப்படித்தான். தொப்புள்கொடி விழாத குழந்தைக்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே போதும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, குளித்த பின் சாம்பிராணிப் புகை காட்டுவது மூன்றையும் தவிர்க்க வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரை கொண்டுபோய்விடும். பாட்டியிடம் இதைச் சொல்ல மருமகளுக்கோ மகளுக்கோ தயக்கம் இருந்தால், கணவர் சொல்லலாம். "டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க" என்றால் பெரும்பாலும் சண்டை வராது.

உறவினர்களும் பட்டாசும்

யார் எத்தனை மணிக்கு வரலாம் என்பதை முன்கூட்டியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். சளி, இருமல் உள்ளவர்கள் வீடியோ காலில் பார்க்கட்டும். கை கழுவாமல் தூக்குவது, கன்னத்தில் முத்தம் கொடுப்பது இரண்டும் கூடாது. பட்டாசு வெடித்துவிட்டு அதே சட்டையோடு குழந்தையை வாங்குபவர்கள் நிறையப் பேர். அதையும் சொல்லித் தடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சமீப ஆண்டுகளில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 மணி வரைதான் பட்டாசு வெடிக்க அனுமதி. அந்த நேரத்தில் தெருவைவிட்டுத் தள்ளியிருக்கும் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தாயும் குழந்தையும் இருப்பது நல்லது. வடைச்சட்டி காயும்போதும் குழந்தை அடுப்படிப் பக்கம் வேண்டாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, வேகமாக மூச்சு வாங்குவது. இதில் எது இருந்தாலும் பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.