காரின் பின்னால் ஒரு வீடு! இழுத்துப் போகும் முன் பார்க்க வேண்டியவை என்ன?

1969-ம் ஆண்டு ஜூலை மாதம். சந்திரனுக்குப் போன மூன்று அமெரிக்க வீரர்கள் பூமிக்குத் திரும்பினார்கள். கடலில் வந்து இறங்கிய அவர்களைக் கப்பலுக்குக் கொண்டு வந்தார்கள். சந்திரனில் இருந்து நோய்க் கிருமி ஏதாவது வந்திருக்குமோ என்று பயம்! அதனால் மூவரையும் உடனே ஒரு சிறிய வீட்டுக்குள் விட்டுக் கதவை அடைத்தார்கள். ஜனாதிபதி நிக்சன் நேரில் வந்தார். அவரும் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினார்.

அது என்ன வீடு தெரியுமா?

காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் "டிரெய்லர்" வீடு! "ஏர்ஸ்ட்ரீம்" என்ற பெயருள்ள டிரெய்லர் ஒன்றை இதற்காக மாற்றி அமைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் இப்படிப்பட்ட வீடு வைத்திருக்கின்றன. உள்ளே படுக்கை உண்டு. அடுப்பு உண்டு. குளியல் அறையும் உண்டு. விடுமுறை வந்தால் காரில் பூட்ட வேண்டியது, புறப்பட வேண்டியது. ஓட்டலில் அறை தேட வேண்டாம். பிடித்த இடத்தில் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கலாம்.

கேட்க இன்பமாக இருக்கிறது அல்லவா? ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதைத் தடுக்கும் வேலை சாலையில் நடப்பது அல்ல. வீட்டு வாசலிலேயே, புறப்படும் முன்பே நடக்க வேண்டும்.

குதிரை இழுத்த வீடு

இந்தப் பழக்கம் மோட்டார் காருக்கு முந்தியது. ஸ்காட்லாந்தில் பிறந்தவர் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படையில் வைத்தியராக இருந்தவர். 1885-ம் ஆண்டு இங்கிலாந்தில் அவர் உல்லாசப் பயணத்துக்காகவே ஒரு வண்டி வீடு செய்யச் சொன்னார். அதற்கு "வாண்டரர்" என்று பெயர். "ஊர் சுற்றி" என்று பொருள். இரண்டு குதிரைகள் அதை இழுத்தன. அவருடைய வேலைக்காரர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவார். "பெரிய வண்டி வருகிறது" என்று எதிரில் வருகிறவர்களை எச்சரிப்பார்.

அன்றைய வண்டி குதிரை நடக்கும் வேகத்தில் போனது. இன்று மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எனவே எச்சரிக்கையும் அதற்குத் தகுந்தபடி கூட வேண்டும்.

வால் ஆடினால் ஆபத்து!

டிரெய்லர் சாலையில் ஓடும்போது சில சமயம் அதன் பின்பக்கம் வலமும் இடமுமாக ஆடத் தொடங்கும். நாய் வால் ஆட்டுவது போல இருக்கும். முதலில் சிறிய ஆட்டம். பிறகு பெரிய ஆட்டம். கடைசியில் டிரெய்லர் காரையே இழுத்துக் கவிழ்த்துவிடும்! உயிர் போன விபத்துகள் உண்டு.

இதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று வேகம். மற்றொன்று பாரத்தைத் தப்பாக ஏற்றுவது.

நம் ஊர் வண்டிக்காரரைக் கேளுங்கள். "முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்று" என்பார். மாட்டு வண்டியில் பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான். பின்பாரம் ஏறினால் வால் ஆடும். முன்பாரம் மிஞ்சினால் காரின் பின்பக்கம் அமுங்கும். முன் சக்கரங்கள் தரையை நன்றாகப் பிடிக்காது. ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

சரியான அளவு என்ன? அமெரிக்காவில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். சாமான் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை காரின் கொக்கி மேல் இறங்க வேண்டும். டிரெய்லர் 2,000 கிலோ என்று வைத்துக் கொள்வோம். கொக்கி மேல் 200 முதல் 300 கிலோ வரை இருக்கலாம்.

இதற்கு வழி என்ன? கனமான சாமான்களைத் தரையோடு தரையாக, அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். லேசான துணிமணிகளை மேல் அலமாரியில் வையுங்கள். பின்பக்கம் சைக்கிளும் பெட்டியும் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

தண்ணீருக்கும் எடை உண்டு

சாமான்களை எடை போட்டுப் பார்ப்பவர்களும் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியில் 150 லிட்டர் நிரப்பினால் 150 கிலோ ஏறிவிட்டது! இரண்டு பெரிய மனிதர்களை உள்ளே ஏற்றியது போல.

போகும் இடத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்றால் வழிக்கு வேண்டியதை மட்டும் நிரப்புங்கள். கழிவுத் தண்ணீர் தொட்டிகளைக் காலி செய்துவிட்டே புறப்படுங்கள்.

1954-ம் ஆண்டு "தி லாங் லாங் டிரெய்லர்" என்று ஒரு அமெரிக்கச் சினிமா வந்தது. லூசில் பாலும் டெசி அர்னாசும் கணவன் மனைவியாக நடித்தார்கள். நிஜ வாழ்க்கையிலும் அப்போது அவர்கள் கணவன் மனைவிதான்! படத்தில் புதிதாகக் கலியாணம் ஆன தம்பதி டிரெய்லரில் ஊர் சுற்றுகிறார்கள். மனைவிக்குக் கல் பொறுக்கும் ஆசை. போகும் இடமெல்லாம் ஞாபகத்துக்கு ஒரு கல்! "தூக்கி எறி" என்கிறார் கணவர். அவள் ஒளித்து வைக்கிறாள். மலைப் பாதையில் ஏறும்போது கற்கள் உருளுகின்றன. குடும்பமே உடையும் நிலை வருகிறது. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் டிரெய்லர் ஓட்டுகிறவர்களுக்கு அது சிரிப்பு மட்டும் அல்ல, பாடமும் கூட.

மனக்கணக்கு வேண்டாம். எல்லாம் ஏற்றிய பிறகு லாரிகளுக்கான எடை மேடைக்கு ஒரு தடவை போங்கள். டிரெய்லரில் ஒட்டியிருக்கும் தகட்டில் அது எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருக்கும். கார் எவ்வளவு இழுக்கும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். எடைச் சீட்டோடு இரண்டையும் ஒத்துப் பாருங்கள். பிரிட்டனில் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். டிரெய்லர் வீட்டின் எடை, காரின் எடையில் 100-க்கு 85 பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்கிறார்கள்.

கொக்கியும் சங்கிலியும்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது பழமொழி. டிரெய்லருக்கு அச்சாணி போன்றது கொக்கி.

காரின் பின்னால் ஓர் இரும்புப் பந்து இருக்கும். டிரெய்லரின் மூக்கில் இருக்கும் கிண்ணம் அந்தப் பந்தின் மேல் உட்காரும். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பந்து 2 அங்குலமாகவும், கிண்ணம் அதைவிடப் பெரிதாகவும் இருந்தால் என்ன ஆகும்? பூட்டியது போலவே தெரியும். பள்ளத்தில் விழுந்து எழும்போது கழன்று போகும்!

பூட்டிய பிறகு மூக்கில் உள்ள ஜாக்கியால் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் சரியாகப் பூட்டியிருக்கிறது.

அடுத்தது சங்கிலி. இரண்டு சங்கிலிகளையும் மூக்குக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாது. சங்கிலித் தொட்டிலில் விழும்.

மூன்றாவது ஒரு மெல்லிய கம்பி. டிரெய்லர் காரை விட்டுப் பிரிந்தால் இந்தக் கம்பி இழுபட்டு, டிரெய்லரின் பிரேக்கைத் தானாகவே பிடிக்கச் செய்யும். அதற்கு டிரெய்லரில் உள்ள பாட்டரியில் மின்சாரம் இருக்க வேண்டும். அதையும் பாருங்கள்.

டயருக்கு வயது உண்டு

டயரில் பட்டை தேயவில்லையே என்று நம்பாதீர்கள். டிரெய்லர் வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறது. வெயிலில் ரப்பர் கெட்டுப் போகிறது. ஐந்து, ஆறு வருஷம் ஆனால் மாற்றிவிடுவது நல்லது.

வயதை எப்படித் தெரிந்து கொள்வது? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம்.

ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் நிறுத்தி, நட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.

பெட்டியில் இருக்க வேண்டியவை

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை நான்கு. தேருக்குப் போடுவார்களே, அதே வேலைதான்! டிரெய்லரைக் காரில் இருந்து கழற்றும் முன் முதலில் இதைப் போட வேண்டும்.

தரை சமமா என்று பார்க்க ஒரு ரசமட்டம். சக்கரத்துக்கு அடியில் வைக்கப் பலகைகள்.

ஸ்டெப்னி டயர், ஜாக்கி, ஸ்பானர், டயரில் காற்றுப் பார்க்கும் கருவி, டார்ச் லைட்.

குடிநீருக்கென்று தனி ரப்பர் குழாய். கழிவுக் குழாயைக் கழுவ வேறு குழாய். இரண்டையும் ஒரே பெட்டியில் போடக் கூடாது. கையுறையும் வேண்டும்.

தண்ணீர் வேகத்தைக் குறைக்கும் சிறு கருவி. சில முகாம்களில் தண்ணீர் மிக வேகமாக வரும். உள்ளே இருக்கும் குழாய் வெடித்துவிடும்.

தீயணைக்கும் கருவி, முதலுதவிப் பெட்டி. டிரெய்லரின் உயரத்தை ஓர் அட்டையில் எழுதி ஓட்டுகிறவர் கண் முன் ஒட்டுங்கள். தாழ்வான பாலத்தின் அடியில் போய் மாட்டிக் கொள்ள மாட்டீர்கள்.

தாய்மார்கள் கவனிக்க!

டிரெய்லர் அடுப்பு "புரோப்பேன்" வாயுவில் எரிகிறது. இது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். அதனால்தான் எச்சரிக்கை மணியைத் தரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அதை மூட்டையால் மறைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. வண்டி ஓடும்போது சிலிண்டரை மூடி வைப்பது நல்லது.

குளிருக்காக அடுப்பை எரிய விட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். அதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்! இதற்கென்று தனி எச்சரிக்கை மணி உண்டு. புறப்படும் முன் அதன் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள்.

சாலையில்...

பல டிரெய்லர் டயர்கள் மணிக்கு 65 மைலுக்கு, அதாவது சுமார் 105 கிலோமீட்டருக்கு மேல் ஓடச் செய்தவை அல்ல. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் கார் 55 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

வால் ஆடத் தொடங்கினால் பதறிப் போய்க் காரின் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை அங்கும் இங்கும் திருப்பாதீர்கள். நேராகப் பிடியுங்கள். காலை ஆக்சிலேட்டரில் இருந்து மெல்ல எடுங்கள். டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கும் கை விசை இருந்தால் அதை இயக்குங்கள். ஆட்டம் அடங்கும். பிறகு ஓரமாக நிறுத்திப் பாரத்தை மாற்றி வையுங்கள்.

மலை இறக்கத்தில் இறங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். எவ்வளவு தூரமானாலும் டிரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது.

பின்னால் தள்ளுவது புதியவர்களுக்குப் பெரிய தலைவலி. காரை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறுபக்கம் போகும்! ஒரு சுலபமான வழி: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் இடது பக்கம் போக வேண்டுமா? கையை இடது பக்கம் நகர்த்துங்கள். வலமா? கையை வலது பக்கம் நகர்த்துங்கள். வெளியே ஒருவர் நின்று வழி காட்டட்டும். அவர் எப்போதும் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் மறைந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள்.

ஒருவர் படிக்க, ஒருவர் பார்க்க

இத்தனையும் ஞாபகம் இருக்குமா? இருக்காது. அதனால் ஒரு தாளில் எழுதுங்கள். கொக்கி, சங்கிலி, கம்பி, விளக்கு, டயர், வாயு, ஜன்னல், படிக்கட்டு, முட்டுக்கட்டை. புறப்படும்போது மனைவி ஒவ்வொன்றாகப் படிக்கட்டும். கணவர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்து "சரி" என்று சொல்லட்டும். பிள்ளைகள் பின்னால் நின்று, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்கட்டும்.

இதற்கு ஆகும் நேரம் கால் மணி. அந்தக் கால் மணியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். போன குடும்பம் முழுசாக வீடு திரும்பும். இழுத்துப் போன வீடும் கூடவே திரும்பும்!