மழை மறித்த மலைப் பயணம்

அரையாண்டுத் தேர்வு விடுமுறையை எங்கே கழிப்பது என்ற பேச்சு, திருச்சியிலுள்ள எங்கள் இல்லத்தில் 2024 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. டிசம்பர் கடைசி வாரத்தில் ஊட்டி, கொடைக்கானல் என்றால் தங்கும் அறைக்கே கையிருப்பு கரைந்துவிடும். ஏற்காட்டை இருமுறை பார்த்தாயிற்று. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள்தான் ஜவ்வாது மலையின் பெயரைச் சொன்னாள். அவள் கண் மலையின் மீது இல்லை. அம்மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் மீது இருந்தது.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை. அங்கே கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரை, வானியல் அறிஞர் வைனு பாப்பு 1960களில் தம் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். நகரத்து விளக்கொளி எட்டாத காடு. நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும் பகுதியையும் அங்கிருந்து காணலாம். 1972ல் வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதற்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்கக்கூடும் என்பதற்கான அடையாளம் அங்கே கிடைத்தது. 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதை உலகுக்குக் காட்டிய பதிவுகளில் காவலூரின் பதிவும் ஒன்று. 1986ல் அங்கு நிறுவப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயரையே சூட்டினர். அதைக் காண அவர் இல்லை; 1982லேயே காலமாகிவிட்டார். இச்செய்திகளையெல்லாம் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பது அங்கு வழக்கம் என்பதையும் அவளே கண்டறிந்து சொன்னாள்.

எனவே டிசம்பர் 28, சனிக்கிழமை என்று நாள் குறித்தோம். எங்கள் குடும்பம், என் தம்பியின் குடும்பம், மூட்டுவலியோடு வர இசைந்த என் தாயார் என மொத்தம் 11 பேர். வேன் ஒன்று பேசி முன்பணம் கொடுத்தோம். மலையடிவாரத்தில் தங்குவதற்கு இரண்டு அறைகளுக்கும் பணம் கட்டினோம். வழியில் விழுப்புரத்தை அடுத்த சிற்றூரில் இருக்கும் என் கணவரின் அக்காள் வீட்டில் ஒருவேளை உணவு. பிறகு திருவண்ணாமலை, போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் சென்று அங்கிருந்து காவலூர். மலையில் நம் உணவு கிடைப்பது உறுதியில்லை என்று உப்புக்கண்டம், இடித்த மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் அடுப்பு என நானும் தம்பி மனைவியும் பட்டியல் போட்டோம். கிப்லாத் திசை அறிய ஒரு திசைகாட்டியைக்கூடத் தம்பி வாங்கி வந்தான்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த புயல் நகர்ந்து போயிருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. அது பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டியது. டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை. பின்னர் மெல்ல மேற்கே நகர்ந்தது. மறுநாள் காலைக் கணக்கில், ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓராண்டு முழுதும் சராசரியாகப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேற்பட்டது ஒரே நாளில் இறங்கிவிட்டது. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே ‘அதி கனமழை’ என்பது வானிலைத் துறையின் கணக்கு.

சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணையின் கரையோர ஊர்கள் நீரில் மிதந்தன. விழுப்புரம் அருகே அரசூரில் திருச்சி-சென்னை நெடுஞ்சாலையையே வெள்ளம் மூடிப் போக்குவரத்து நின்றது. அதற்கு முந்தைய நாள், திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வீட்டின் மீது சரிந்து 7 பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். தொலைக்காட்சியில் அச்செய்தி ஓடியபோது எங்கள் வீட்டில் எவரும் விடுமுறையைப் பற்றிப் பேசவில்லை. விழுப்புரத்து மதினியைத் தொலைபேசியில் பிடிக்க இரண்டு நாட்கள் ஆயின. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாடியில் இருக்கிறோம் என்றார்கள்.

நீர் வடிந்து நிலைமை சற்றுச் சீரானதும், நடுக்கூடத்தில் வாக்குவாதம் தொடங்கியது. தம்பி போகலாம் என்ற கட்சி. “இன்னும் மூன்று வாரம் இருக்கிறது அக்கா. அதற்குள் மழை ஓய்ந்துவிடும். இப்போது வேண்டாம் என்றால் முன்பணம் போனது போனதுதான். எது நடக்க வேண்டுமோ அது எங்கிருந்தாலும் நடக்கும்” என்றான்.

தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். “உமர் (ரலி) அவர்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?” என்று கேட்டுவிட்டு, கலீஃபா சிரியா நோக்கிப் பயணம் போன வரலாற்றைச் சொன்னார்கள். ஸர்கு என்னுமிடத்தை அடைந்தபோது, முன்னே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. உமர் (ரலி) அவர்கள் முஹாஜிர்களைக் கலந்தார்கள், அன்சாரிகளைக் கலந்தார்கள், குறைஷிப் பெரியவர்களைக் கலந்தார்கள். திரும்பிவிடுவது என முடிவெடுத்தார்கள். இறைவனின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்களே கேட்டும், திரும்பிச் செல்வதும் அதே இறைவனின் விதிக்குள்தான் என்று விளக்கிவிட்டு ஒட்டகத்தைத் திருப்பினார்கள். தம்பி பேசாமல் தலையைச் சொறிந்தான். ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை. “பத்து நாள் பொறுத்துப் பார்ப்போம் மச்சான்” என்று என் கணவரிடம் மனுப்போட்டான்.

அந்தப் பத்து நாட்களில் நான் செய்தது ஒரு வேலை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஜவ்வாது மலையில் விழும் மழை எங்கெங்கே போகிறது என்று பார்த்தேன். வடக்குச் சரிவின் ஓடைகள் பாலாற்றுக்குப் போகின்றன. செய்யாறு அம்மலையிலேயே பிறந்து கிழக்கே இறங்குகிறது. தெற்குச் சரிவின் நீர் தென்பெண்ணையைச் சேர்கிறது. ஆக, மலையைச் சுற்றி எந்தப் பக்கமாக ஏறினாலும் ஒரு நீர்வழியைக் கடக்காமல் ஏற முடியாது. கோடையில் மணல் தெரியக் கிடக்கும் காட்டாறு, மேலே இரண்டு மணி நேரம் பெய்தால் கீழே தரைப்பாலத்தை மூடிவிடும். கீழே நிற்பவருக்கு வானம் வெளுத்தே இருக்கும். ஏற்கனவே நீர் குடித்து ஊறிய மண்ணுக்குப் பெருமழையும் தேவையில்லை. சிறு மழையிலேயே சரிவு நெகிழும். திருச்சியில் மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு ‘வெயில் அடிக்கிறது, புறப்படலாம்’ என்று நாம் சொல்வதெல்லாம் நம் மாடிக்குத்தான் பொருந்தும்.

அப்பக்கத்து மக்கள் இதை நம்மைவிட நன்கு அறிவர். 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியில் சுமார் 200 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதை ஊரார் இன்றும் மறக்கவில்லை. 2021 நவம்பர் 19 அன்று, கனமழையில் நனைந்த சுவர் இடிந்து பேரணாம்பட்டில் ஒரே வீட்டில் 4 குழந்தைகள் உட்பட 9 பேர் மாண்டதை நம்மில் பலர் படித்துக் கலங்கியிருப்போம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். வங்கக் கடலில் எழும் புயல்கள் பெரும்பாலும் இம்மாதங்களில்தான் நம் கரையைத் தேடி வருகின்றன. பள்ளி நாட்காட்டியில் விடுமுறை இருக்கிறது என்பதற்காக வானம் தன் கணக்கை மாற்றிக்கொள்ளுமா?

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மகளின் நோட்டுப் புத்தகத்தில் விடுபட்டிருந்த செய்தி ஒன்று கண்ணில் பட்டது. காவலூரில் இரவுக் காட்சி வானம் தெளிவாக இருந்தால் மட்டுமே. பருவமழை மாதங்களில் மேகம் மூடிக்கிடக்கும். தெளிந்த இரவுகள் ஜனவரிக்குப் பிறகே கூடுதலாகக் கிடைக்கும். புயலே வராதிருந்தாலும், 11 பேரும் மலையேறிப் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்கியிருக்க வேண்டியதுதான்! அவளிடம் காட்டினேன். முகம் சுருங்கிப்போயிற்று. “இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும் அம்மா” என்றாள். நானும் பார்த்திருக்க வேண்டியவள்தான்.

டிசம்பர் 12, 13 தேதிகளில் மீண்டும் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை. இம்முறை தென் மாவட்டங்களில் வெள்ளம். குற்றாலத்தின் ஆர்ப்பரிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்த தம்பி, தானே எழுந்து வந்து, “வேண்டாம் மச்சான், விட்டுவிடுவோம்” என்றான்.

பணத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இல்லத்தரசிகள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அறைக்குக் கட்டியதில் பாதிதான் திரும்பி வந்தது. இரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று முன்பே கேட்டு எழுதி வாங்காதது எங்கள் பிழை. வேன்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மனமின்றி, “வேறு எங்காவது போங்களேன், வண்டி அனுப்புகிறேன்” என்றார். அச்சொல்லைக் கேட்டதும் என் கணவர் சிறிது நேரம் யோசித்தார்கள். “அக்காள் வீட்டுக்குப் போவோம்” என்றார்கள்.

அதே வேன், அதே 11 பேர். உப்புக்கண்டமும் அடுப்பும் அப்படியே ஏறின. திசைகாட்டிக்குப் பதில் பாய்கள், போர்வைகள், ப்ளீச்சிங் பவுடர், நான்கு துடைப்பங்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெள்ளம் வடிந்து மூன்று வாரங்களுக்கு மேலாகியிருந்தது. ஆனால் சுவரில் நீர் நின்ற கோடு பழுப்பாக அப்படியே இருந்தது. கட்டில் பலகைகள் ஊதியிருந்தன. மதினி வந்து என் கையைப் பிடித்தவர்கள் நெடுநேரம் விடவில்லை. ஆண்கள் கிணற்றடிச் சேற்றை அள்ளினார்கள். நாங்கள் பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டெடுத்தோம். மதினியின் மகன் பத்தாம் வகுப்பு. அவனுடைய பாடநூல்கள் ஊறிக் காய்ந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. என் மகள் அவற்றை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மேலே துணியை விரித்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாள். இரண்டு நாள் முழுவதும் அதுவே அவள் வேலை. அறிவியல் நூலில் ஒரு பாதிதான் தேறியது.

இரவில் மேகம் விலகிய ஒரு பொழுதில் பிள்ளைகளெல்லாம் மாடிக்கு ஓடினார்கள். கிழக்கே ஒளிர்ந்த ஒன்றைக் காட்டி, “அதுதான் வியாழன். அதன் நிலாவைத்தான் காவலூரில் பார்த்தார்கள்” என்று மகள் விளக்கிக்கொண்டிருந்தது கீழே எனக்குக் கேட்டது. திருச்சி திரும்பியதும் புதுக்கோட்டை சாலையிலுள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்திற்கு அவளை அழைத்துப் போனோம். அங்கே மட்டும் மேகத்தின் தொல்லை இல்லை.

ஜவ்வாது மலைக்கு நாங்கள் போனது 2025 பிப்ரவரியில், ரமளானுக்கு முன்பாக, இரண்டே நாள் பயணமாக. இம்முறை புறப்படும் முன் வானிலை அறிக்கையைப் பார்த்தோம். வானாய்வகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்தோம். ஜமுனாமரத்தூர்க் கடைக்காரர் ஒருவரிடம் பாதையின் நிலையை விசாரித்தோம். மகள் தொலைநோக்கியில் கண் வைத்துவிட்டு நெடுநேரம் எடுக்கவில்லை; பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமிக் காட்ட வேண்டியதாயிற்று. அம்மா தேனும் சாமை அரிசியும் வாங்கிக்கொண்டார்கள். எட்டு வயது மகனுக்குத்தான் மனக்குறை. பீமன் நீர்வீழ்ச்சியில் பாறையை நனைக்கும் அளவுக்குத்தான் நீர் இருந்தது. “மழைக்காலத்திலேயே வந்திருக்கலாம்” என்று அவன் முணுமுணுத்ததைத் தம்பி கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சிரித்தான்.