ஒளிப்பேழையிலிருந்து தொலைக்காட்சிக்கு



நாட்டை விட்டுப் புறப்பட்டபோது எவற்றை எடுத்துவந்தீர்கள் என்று எம்மவரைக் கேட்டால், கிடைக்கும் பட்டியல் மிகச் சிறியது. பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, தாலிக்கொடி, ஓரிரு புகைப்படங்கள். இவற்றோடு, பின்னாளில் உறவினர் கையில் கொடுத்தனுப்பப்பட்ட வீடியோ ஒளிப்பேழை ஒன்றும் பல இல்லங்களில் உண்டு. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் தேர், பள்ளிக்கூடப் பரிசளிப்பு என ஊரின் ஒரு நாள் அதனுள் அடங்கியிருக்கும். இன்று அப்பேழைகள் இலண்டன் வீடுகளின் பரண்களிலும் உடுப்பு அலுமாரிகளின் அடித்தட்டிலும் உறங்குகின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவிதான் வீட்டில் இல்லை.

அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றி, உள்ளங்கையில் அடங்கும் மீடியா பிளேயர் ஒன்றின் துணையோடு தொலைக்காட்சியில் பார்ப்பது எங்ஙனம் என்பதையும், அவ்வாறு பார்க்கும்போது நாம் தவறாது செய்யவேண்டிய பணி யாது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

காலம் காத்திருக்காது

வீ.எச்.எஸ். ஒளிப்பேழையை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தது. அதனை இயக்கும் வீடியோ டெக்கை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையுடன் அவ்வுற்பத்தியை நிறுத்திக்கொண்டது. எனவே இன்று பாவனையில் உள்ளவை யாவும் பழைய டெக்குகளே. அவையும் பழுதடைந்து குறைந்துவருகின்றன. காந்தத் துகள் பூசிய நாடாவும் ஈரத்தால் கெடுகிறது. குளிர்ந்த பரணில் கிடந்தால் வெண்ணிறப் பூஞ்சணம் பிடிக்கிறது. காந்த நாடாக்களைக் கோப்புகளாக்குவதற்கான கால எல்லை ஏறத்தாழ 2025ஆம் ஆண்டுதான் என்று யுனெஸ்கோவின் ஆதரவுடன் 2019இல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அந்த எல்லையும் வந்துவிட்டது.

அழிவு என்பது எமக்குப் புதிதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலை வன்செயலின்போது ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் தீக்கிரையாகி, பல இலங்கைத் திரைப்படங்களின் மூலச்சுருள்களும் அழிந்தன. அவற்றைக் காக்க எமக்கு வழியிருக்கவில்லை. ஆனால் எம் வீட்டு அலுமாரியில் இருப்பதை எரிப்பார் எவருமில்லை. அது அழியுமாயின் எமது அசட்டையினாலேயே அழியும்.

இதனை நாம் பிறருக்குச் சொல்லும் புத்திமதியாக எழுதவில்லை. நாம் ஆசிரியராகப் பணியாற்றிய பள்ளியின் 2004ஆம் ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டி, வீடியோ சீ.டி. வட்டொன்றில் எம்மிடம் இருந்தது. இலண்டனில் மேசை லாச்சியொன்றில் அது பல ஆண்டுகள் கிடந்தது. பார்க்கலாம் என்று எடுத்த நாளன்று, எந்தக் கருவியும் அதனைப் படிக்க மறுத்துவிட்டது. வேறு பிரதி இல்லை. அம்மைதானத்தில் ஓடிய பிள்ளைகளுட் சிலரை இனிப் படத்திலேனும் காண்பதற்கு எமக்கு வழியில்லை.

பேழையைக் கோப்பாக்குதல்

முதற்படி, நன்கு இயங்கும் டெக் ஒன்றில் பேழையை ஓடவிட்டு, வீடியோப் பதிவுக்கருவி ஒன்றின் வழியாகக் கணினியிற் பதிவுசெய்தல். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. மூன்று மணி நேரப் பேழைக்கு மூன்று மணி நேரம் தேவை. பூஞ்சணம் படிந்த பேழையை டெக்கினுள் இடவே கூடாது. நாடா அறுந்துபோகலாம்; பூஞ்சணம் டெக்கிற் படிந்து அடுத்த பேழைக்கும் பரவலாம். அத்தகையதை இவ்வேலையில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே உசிதம்.

பழைய தொலைக்காட்சி முறையில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாக வரையப்பட்டது. ஒற்றைக் கோடுகள் முதலிலும் இரட்டைக் கோடுகள் பின்னரும் தோன்றும். இலங்கையிலும் பிரித்தானியாவிலும் வழங்கிய பால் முறையில் 625 கோடுகள். நொடிக்கு 50 அரைப்படங்கள், அதாவது 25 முழுப்படங்கள். இன்றைய திரை முழுப்படத்தை ஒருங்கே காட்டுவதால், நடப்பவரின் கைகால் ஓரங்களில் சீப்புப் பற்களைப் போன்ற கோடுகள் தோன்றக்கூடும். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் அரைப்படங்களை இணைக்கும் வசதி உண்டு. ஆயினும் முதலிற் பதிவுசெய்த மூலக்கோப்பை அழித்துவிடாது தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு என்பது ஒரு பொதி, எம்.பி.4, எம்.கே.வீ., ஏ.வீ.ஐ. என்பன அப்பொதியின் வகைகள். பொதிக்குள் படமும் ஒலியும் கொடெக் என்னும் முறைப்படி சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். பொதியைத் திறக்கத் தெரிந்த கருவிக்கு உள்ளிருக்கும் சுருக்கத்தை விரிக்கத் தெரியாவிட்டால், ஒலி கேட்கும், படம் தெரியாது. அல்லது படம் தெரியும், ஒலி கேளாது. எம்.பி.4 பொதியும் எச்.264 கொடெக்கும் இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அறிந்தவை. ஐயமிருப்பின் அவற்றையே தெரிவுசெய்க.

சிறுபெட்டியின் வேலை

கோப்பு கணினியில் இருந்தால் ஒருவர் குனிந்து பார்க்கலாம். கைப்பேசியில் இருந்தால் இருவர் தலையை முட்டிக்கொண்டு பார்க்கலாம். வீட்டு மூத்தோர் அமர்ந்திருப்பதோ வரவேற்பறையிலே, தொலைக்காட்சிக்கு எதிரே. கோப்பை அங்கே கொண்டுசேர்ப்பதே மீடியா பிளேயரின் வேலை.

இப்பெட்டியின் ஒரு துளையில் பென் டிரைவ் அல்லது வன்தட்டைச் செருகவேண்டும். மறுபுறத்தில் எச்.டி.எம்.ஐ. கம்பி தொலைக்காட்சிக்குச் செல்லும். படமும் ஒலியும் அந்த ஒரே கம்பியிற் செல்கின்றன. பின் ரிமோட்டால் கோப்பைத் தெரிவுசெய்ய வேண்டியதுதான். வெஸ்டேர்ன் டிஜிற்றல் நிறுவனம் 2008இல் வெளியிட்ட டபிள்யூ.டி. ரி.வி. என்னும் பெட்டி இவ்வகையிற் பெயர்பெற்றது. 2012இல் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் கோடி என்னும் இலவச மென்பொருளை நிறுவியும் இதே பயனைப் பெறலாம். வளர்ந்த மாணவர்களுக்கு இது நல்லதொரு விடுமுறைப் பயிற்சி. இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில் யூ.எஸ்.பி. துளையும் படங்காட்டும் வசதியும் உள்ளேயே உண்டு. முதலில் அதனை முயன்று பாருங்கள். பழைய வகைக் கோப்புகளை அது ஏற்க மறுத்தாலே தனிப் பெட்டி தேவைப்படும்.

இதற்கு இணையத் தொடர்பு வேண்டியதில்லை. இது எமக்கு முக்கியமான செய்தி. இப்படங்களில் உள்ளவர்களிற் பலர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். அவர்களைக் கேளாது அவர்களுடைய முகங்களைப் பொதுவெளியில் ஏற்றுவது முறையன்று. பென் டிரைவில் உள்ள கோப்பு வீட்டை விட்டு வெளியே போகாது.

வழக்கமாக நேரும் இடையூறுகள்

முதலாவது, பெரிய கோப்பு பென் டிரைவில் ஏற மறுத்தல். ஃபாட்32 என்னும் முறையில் ஒழுங்கமைக்கப்பட்ட டிரைவ், 4 கிகாபைட்டிற்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 2 கிகாபைட் என்று கொண்டால், மூன்று மணி நேரத் திருமணம் 6 கிகாபைட் ஆகிவிடும். டிரைவை எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றலாம். ஆனால் மாற்றும்போது அதிலுள்ள யாவும் அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள். உங்கள் பெட்டி அம்முறையை அறியாதாயின், கோப்பை இரண்டாக வெட்டுக.

இரண்டாவது, வன்தட்டு 'டிக் டிக்' என ஒலித்துவிட்டு நின்றுபோதல். யூ.எஸ்.பி. 2.0 துளை தரும் மின்னோட்டம் 500 மில்லியம்பியர். சில வன்தட்டுகளைச் சுழற்ற அது போதாது. தனி மின்னிணைப்புள்ள வன்தட்டோ சாதாரண பென் டிரைவோ இக்குறையைத் தீர்க்கும்.

மூன்றாவது, எல்லோரும் பருத்துத் தோன்றுதல். அக்காலப் படத்தின் அகல உயர விகிதம் 4:3. இன்றைய திரையின் விகிதம் 16:9. தொலைக்காட்சி படத்தை இழுத்து நிரப்பினால் மெலிந்த மாப்பிள்ளையும் தொந்தி வைத்தவராகிவிடுவார். அமைப்புப் பகுதியில் 4:3 என்பதைத் தெரிவுசெய்தால் அவர் பழைய உருவத்தை அடைவார்.

முகங்களுக்குப் பெயர்

இனி, நாம் தவறாது செய்யவேண்டிய பணிக்கு வருவோம். சென்ற ஆண்டு எமது வகுப்பு மாணவி ஒருவர் தம் அம்மம்மாவின் ஒளிப்பேழை ஒன்றைக் கொண்டுவந்தார். 1986இல் மயிலிட்டியில் நடந்த திருமணம் அது. 1990 ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அவ்வீட்டாரும் வெளியேறினர். மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுவிக்கப்பட்ட பின்னர் உறவினர் போய்ப் பார்த்தபோது, வீடிருந்த இடத்தில் அத்திவாரத்தையே கண்டனர். படத்தைக் கோப்பாக்கி, சிறுபெட்டியோடு அவர்கள் இல்லத்துக்குச் சென்றோம்.

திரையில் கிணற்றடி தோன்றியதும், "கொஞ்சம் நிப்பாட்டுங்கோ மாஸ்டர்" என்றார் அம்மம்மா. ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினோம். அதன்பின் ஒவ்வொரு முகத்திற்கும் நிறுத்தவேண்டியதாயிற்று. இவர் பந்தலுக்கு வாழை கட்டியவர். இவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். இந்தப் பிள்ளை இப்போது நோர்வேயில் இருக்கிறாள். பேத்தியார் கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரப் படத்தைப் பார்த்து முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன.

அப்போதுதான் ஓர் உண்மை எமக்கு உறைத்தது. கோப்பு முகத்தைக் காக்கும், பெயரைக் காக்காது. அப்பெயர்களை அறிந்தவர் அம்மம்மா ஒருவரே. அவருக்குப் பின் அப்படம் அறிமுகமில்லாதவர்களின் ஊர்வலமாகிவிடும்.

பெயர்களைப் படத்தோடு இணைக்க எளிய வழி துணைத்தலைப்புக் கோப்பு. எஸ்.ஆர்.ரி. எனப்படும் இக்கோப்பைச் சாதாரண எழுத்துச் செயலியிலேயே எழுதலாம். முதல் வரியில் இலக்கம்; அடுத்த வரியில் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும்; அதன் கீழே தமிழ் வாசகம்; பின் ஒரு வெற்று வரி. உதாரணம்:

1
00:12:05,000 --> 00:12:11,000
கிணற்றடி. இடப்பக்கம் நிற்பவர் அம்மம்மாவின் தமையனார்.

படக்கோப்பும் இக்கோப்பும் ஒரே பெயர் கொண்டு ஒரே இடத்தில் இருந்தால், பெரும்பாலான பெட்டிகள் தாமாகவே இணைத்துக் காட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதினால் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். ஒருங்குறியில் எழுதி, யூ.ரி.எவ்.-8 குறியேற்றத்தில் சேமிக்கவேண்டும். தமிழுக்குப் பதிலாகச் சதுரக் கட்டங்கள் தோன்றினால், பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். அந்நிலையில் ஹேண்ட்பிரேக் மூலம் எழுத்தைப் படத்தின் மீதே பதித்துவிடலாம்.

அந்த மாணவி அவ்வாறு எழுதிய வரிகள் 118. உறவுமுறைச் சொற்களைப் பாடநூலில் கற்பிக்க நாம் பட்ட பாட்டை, அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இலகுவாக்கின. சித்தப்பா, பெரியம்மா, மைத்துனர், சம்பந்தி என்ற சொற்களுக்கெல்லாம் அவருக்கு இப்போது முகங்கள் உண்டு.

பிரதி எடுத்து வைத்தல்

ஒரே இடத்தில் உள்ள கோப்பு, இல்லாத கோப்பு என்றே கருதுக. மூன்று பிரதிகள் இருத்தல் நன்று. இரண்டை வெவ்வேறு கருவிகளிலும், ஒன்றை வேறோர் இல்லத்திலும் வையுங்கள். ஆண்டுக்கொருமுறை, தைப்பொங்கல் நாளிலென்று வைத்துக்கொள்வோம், அவற்றைத் திறந்து பாருங்கள். ஊர் வரலாற்றுக்குப் பயன்படும் பதிவுகளாயின், சம்பந்தப்பட்டோரின் சம்மதத்துடன், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துடன் தொடர்பு கொள்ளலாம்.

பால் முறையில் பதிந்த இலண்டன் பேழை, 525 கோட்டு முறை வழங்கிய கனடாவின் டெக்குகளில் ஓடாது. பிரான்சின் சீகாம் முறையிற் பதிந்த பேழை இங்கே கறுப்பு வெள்ளையாகவே தெரியும். சிதறிய குடும்பத்தின் படங்களும் இவ்வாறு நாட்டுக்கு நாடு பிரிந்து கிடந்த காலமொன்று இருந்தது. கோப்புக்கு அத்தடை இல்லை. மயிலிட்டித் திருமணத்தில் பந்தற்காலைப் பிடித்தபடி சிரித்துநின்ற சிறுவன் ஒருவனின் பெயர் மாத்திரம் அம்மம்மாவுக்கு நினைவு வரவில்லை. 73ஆவது வரியில் 'பெயர் தெரியவில்லை' என்றே எழுதிவைத்தோம். கோப்பின் பிரதியொன்று ரொறன்ரோவிலுள்ள அவரது தங்கையாருக்கு அனுப்பப்பட்டது. பத்து நாள் கழித்து அங்கிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மாணவி ஓடிச்சென்று கணினியைத் திறந்து அவ்வரியை அழித்து, அங்கே ஒரு பெயரை எழுதினார்.

பெற்றோர்களே, இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும் அலுமாரியின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். மாணவச் செல்வங்களே, அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் கொப்பியோடு போய் அமருங்கள். வழி தெரியாவிடின் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் எம்மிடம் வாருங்கள். எமது வட்டு போய்விட்டது. உங்களுடையது இன்னும் இருக்கிறது.