இரண்டு லாரி, ஓர் அரிசி

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஓர் எடை மேடையில் உப்புத் தோல் லாரி ஏறி நிற்கிறது. சீட்டில் 10 டன் என்று அச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். பூமி அந்த லாரியை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதற்கான கணக்குதான் அந்தச் சீட்டு. லாரியும் சும்மா நிற்கவில்லை. அதே பலத்தோடு பூமியை இழுக்கிறது. பின்னால் முறைக்குக் காத்திருக்கும் இன்னொரு லாரியையும் இழுக்கிறது!

எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும். பின்னால் நிற்பதும் 10 டன், இரண்டுக்கும் நடுவுக்கு நடு 10 மீட்டர் என்றால், அந்த இழுப்பு சுமார் 7 மில்லிகிராம் எடைக்குச் சமம். ஓர் அரிசியில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு லாரியின் மொத்த எடையை 20 டன் ஆக்கினால் இழுப்பு இரு மடங்காகும். இரண்டையும் ஆக்கினால் நான்கு மடங்கு. நிறைகளைப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூரத்தின் கணக்கு இன்னும் கறார். எடையைத் தொடாமல், இடைவெளியை மட்டும் 5 மீட்டராகப் பாதியாக்குங்கள்: இழுப்பு நான்கு மடங்காகி 27 மில்லிகிராமைத் தொடும். இப்போது முழு அரிசி தேறிவிட்டது. மூன்று மடங்கு விலக்கினால் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். இத்தனை சிறிய இழுப்பையும் 1798இல் ஹென்றி கேவண்டிஷ் அளந்தார்: 158 கிலோ ஈயக் குண்டுகள் பக்கத்தில் வந்தபோது, மெல்லிய கம்பியில் தொங்கிய சிறு குண்டுகள் எவ்வளவு திரும்புகின்றன என்று பார்த்து.

இதே தூரக் கணக்கு வானத்திலும் செல்லும். மரத்திலிருந்து விழும் மாங்காய் முதல் விநாடியில் 4.9 மீட்டர் இறங்கும். பூமியின் மையத்திலிருந்து நிலா, அந்த மாங்காயைவிட 60 மடங்கு தள்ளி இருக்கிறது. 60ஐ 60ஆல் பெருக்கினால் 3,600. 4.9 மீட்டரை அதனால் வகுத்தால் 1.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நேர்கோட்டில் ஓடிவிடாமல் நிலா ஒவ்வொரு விநாடியும் பூமிப் பக்கம் சாய்வது அவ்வளவேதான். அதற்குள் பக்கவாட்டில் 1 கிலோமீட்டர் ஓடிவிடுவதால்தான் நம் தலையில் விழவில்லை.

இதே ஈர்ப்பு விதி நம் பக்கத்து ஜவ்வாது மலையிலும் பேசுகிறது. 1977 மார்ச் 10 அன்று ஒரு விண்மீனை யுரேனஸ் நெருங்குவதை அங்குள்ள காவலூர் வானாய்வகம் ஒரு மீட்டர் தொலைநோக்கியால் கவனித்தது. கோள் மறைக்காத நேரத்திலேயே விண்மீனின் ஒளி மங்கியது பதிவானது. யுரேனஸின் இழுப்பில் சுற்றும் வளையங்கள் அப்படித்தான் தெரியவந்தன. அந்த யுரேனஸ், பூமியைவிடச் சூரியனிலிருந்து ஏறத்தாழ 19 மடங்கு தள்ளி இருக்கிறது. அங்கே சூரியனின் பிடி இங்கிருப்பதில் சுமார் 360இல் ஒரு பங்குதான். அந்தப் பிடியில் ஒரு சுற்றை முடிக்க அதற்கு 84 ஆண்டு ஆகிறது.