நோயாளியின் பக்கத்தில் ஒரு கொப்பி

இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் நோயாளி உள்ள வீடுகளில் அனேகமாக ஒரு கொப்பி இருக்கும். காலை நிறை, பிரஷர், குடித்த தண்ணீர், போன சிறுநீர், குளிசைகள். எங்கள் வீட்டில் அது 120 பக்க சீ.ஆர். கொப்பி. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து இது மூன்றாவது வருடம். கிழமைக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு நான்கு மணித்தியாலம் மெஷினில் இருக்கிறார். கொப்பி போடச் சொன்னவர் அங்குள்ள தாதி ஒருவர். "மிஸ், ஞாபகத்த நம்பாதீங்க, எல்லாத்தையும் எழுதி வைங்க" என்றார். நான் படிப்பிக்கிறவள், கோடு அடித்து, நிரல் பிரித்து, தலைப்பிட்டு எழுதினேன். இலக்கங்கள் மட்டும்தான்.

ஏழாம் பக்கத்தில் முதன்முதலாக ஒரு வசனம் வந்தது. 'குறிப்பு' என்று நான் விட்டிருந்த ஒடுங்கிய நிரலுக்குள் அடங்காமல் ஓரத்தில் வளைந்து போயிருக்கிறது. "இன்று தண்ணீர் கேட்டார். கொடுக்கவில்லை."

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்நோயில் சிறுநீர் போவது குறைந்துகொண்டே வரும். ஒரு நாளைக்கு அரை லீற்றரும், முதல் நாள் போன சிறுநீரின் அளவும் என்பதுதான் குடிப்பதற்குப் பொதுவான கணக்கு. தேத்தண்ணி, கஞ்சி, ஆணம் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். மிஞ்சினால் நீர் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். தண்ணீர் கொடுப்பது பெரிய ஸதகா என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நான், ஒரு சின்ன ஐஸ் கட்டியை அவருடைய நாக்கில் வைத்துவிட்டுக் குவளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். இதை யாரிடம் சொல்வது? மாமியிடம் சொன்னால் அழுவார். பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. கொப்பி பக்கத்தில் கிடந்தது.

நோயாளியைப் பார்ப்பவர்கள் எழுதுவதால் என்ன நடக்கிறது என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த வசனத்துக்குப் பிறகுதான்.

இத்துறையில் முதலில் அகப்படும் பெயர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கருடையது. 1986இல் அவரும் அவருடைய மாணவி ஒருவரும் வெளியிட்ட ஆய்வில், 46 பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். சிலருக்குச் சாதாரண விடயம். மற்றவர்களுக்குத் தம் வாழ்வில் நடந்த மிகத் துயரமான சம்பவம். அவர்களிலும் சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். துயரத்தை எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் வைத்திய நிலையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. இதற்குப் பிறகு இம்முறையில் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழ் படித்தவள் என்ற முறையில் என்னை நிறுத்தியது பென்னிபேக்கரின் பிந்திய ஆய்வுகள். மாணவர்கள் எழுதியவற்றின் சொற்களை அவர் எண்ணிப் பார்த்தார். நாளுக்கு நாள் 'ஏனென்றால்', 'அதனால்', 'இப்போது விளங்குகிறது' போன்ற சொற்கள் கூடிவந்தவர்களுக்கே நன்மை அதிகமாக இருந்ததாம். 'நான்', 'அவர்' முதலான சுட்டுப்பெயர்கள் மாறிமாறி வருவதற்கும் ஒரு தொடர்பு காணப்பட்டது. ஒரே துக்கத்தை ஒரே வசனத்தில் திருப்பித் திருப்பி எழுதுவதில் பயன் குறைவு என்பதே இதன் கருத்து. எழுத எழுத அது ஒரு கதையாக, காரண காரியத்தோடு ஒழுங்குபட வேண்டும்.

என் கொப்பியை எடுத்து இந்தக் கண்ணோடு பார்த்தேன். "கொடுக்கவில்லை." யார் கொடுக்கவில்லை? ஆண்டு பத்துப் பிள்ளைகளுக்குத் தோன்றா எழுவாய் படிப்பிக்கிறவள் நான். 'கொடுத்தேன்' என்றால் விகுதியே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். 'கொடுக்கவில்லை' என்பது இடத்தையும் காட்டாது, பாலையும் காட்டாது. நானும் கொடுக்கவில்லை, நீயும் கொடுக்கவில்லை, உலகத்தில் எவரும் கொடுக்கவில்லை. முதல் ஐந்து மாதத்துப் பக்கங்களில் 'நான்' என்ற சொல்லைத் தேடினேன், இரண்டு இடத்தில்தான் இருந்தது. எல்லா வசனமும் இல்லை, முடியவில்லை, தூங்கவில்லை என்று எழுவாய் இல்லாமல் முடிந்திருந்தன. தமிழ் எனக்கு ஒளிந்துகொள்ள நல்ல இடம் தந்திருந்தது.

அன்றிரவு அதே சம்பவத்தைத் திரும்ப எழுதினேன். "நான்தான் குவளையை எடுத்தேன். ஏனென்றால் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அவர் மூச்சு முட்டித் துடித்ததைப் பார்த்திருந்தேன். எடுக்கும்போது எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது." கோபம் இருந்தது என்பது எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அழுகை வந்தது. அடுத்த நாள் அவருக்குப் பிளேன்டி ஊற்றும்போது கை கொஞ்சம் இலேசாக இருந்தது, வேறொன்றும் பெரிதாக நடக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பென்னிபேக்கரின் மாணவர்கள் எழுதியது நடந்து முடிந்த துயரத்தை. பராமரிப்பவரின் துயரம் முடியவில்லை. நாளைக்கும் கிளினிக் இருக்கிறது. முதியவர்களைப் பராமரிக்கும் உறவினரிடையே நடத்தி 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனவேதனையை எழுதியவர்களுக்கு எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஒப்பிடுவதற்காக வைத்திருந்த மற்றக் குழு, அதாவது தம் நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்று எழுதியவர்கள், முன்னேறியிருந்தார்கள். ஆய்வாளர்களுக்கு அது வியப்பு. எனக்கு வியப்பில்லை. நிறையும் பிரஷரும் எழுதும் நிரல்கள்தான் பல நாள் என்னைப் பிடித்து வைத்திருந்தன. இலக்கம் எழுதும் கை நடுங்குவதில்லை.

இனி, நம்மவர்களிடையே எழும் கேள்வி. என் ராத்தா கேட்டார், "இப்படி எழுதுறது அல்லாஹ்ட கத்ரப் பத்தி முறைப்படுற மாதிரி இல்லியா? ஸபர் செய்யோணும்." அவர் கேட்டது என்னைக் குத்துவதற்கல்ல, அவருக்கு என்மேல் பயம். நானும் பல இரவு இதையே யோசித்திருக்கிறேன்.

ஸூரா யூஸுஃபிலே யஃகூப் நபி (அலை) அவர்கள் துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு வருந்துகிறார்கள். அழகிய பொறுமை என்று சொன்னவர்களும் அவர்களேதான். தன் கவலையை அல்லாஹ்விடம் மட்டும் முறையிடுவதாக அவர்கள் சொன்னதைக் குர்ஆன் எடுத்துச் சொல்கிறது. அல்லாஹ்விடம் முறையிடுவது வேறு, அல்லாஹ்வைப் பற்றி முறைப்படுவது வேறு என்று உலமாக்கள் பிரித்துக் காட்டுவது இந்த இடத்தை வைத்துத்தான். நம் இலக்கியத்தில் முனாஜாத்து என்றொரு வகையே இருக்கிறது. அரபியில் அச்சொல்லுக்கு இரகசியமாகப் பேசுதல் என்று பொருள். தமிழ் முஸ்லிம் புலவர்கள் தம் நோயையும் வறுமையையும் பாவத்தையும் இறைவனிடம் சொல்லி அழுதது அந்த வடிவத்திலே. தமிழெழுத்துப் படிக்காத மூத்தம்மாமார் அறபுத் தமிழில் எழுதினார்கள். ஆகவே எழுதுவது நமக்குப் புதிய பழக்கமல்ல.

அய்யூப் நபி (அலை) அவர்களின் சோதனை நமக்கு மனப்பாடம். அவர்களைப் பார்த்துக்கொண்ட மனைவி, பிறர் வீட்டில் வேலை செய்து உணவு கொண்டுவந்ததாகத் தஃப்ஸீர்களில் வருகிறது. நோயாளியின் துஆ நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பெண் இரவில் என்ன நினைத்தார் என்று அறிய எனக்குள்ள ஆசையைச் சொன்னால் பிழையாக எடுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பராமரிப்பு பெண்ணுக்கே உரியது என்று நினைப்பவர்கள் உஸ்மான் (ரழி) அவர்களை நினைக்கலாம். ஹிஜ்ரி 2இல் பத்ருக்குப் படை புறப்பட்டபோது அவர்களின் மனைவி, நபிகளாரின் மகள் ருகையா (ரழி) கடும் சுகயீனமாக இருந்தார்கள். மனைவியோடு இருக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் அவருக்குண்டு என்றும் அறிவித்தார்கள். வெற்றிச் செய்தி மதீனாவுக்கு வந்தபோது ருகையா (ரழி) அவர்களை அடக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டில் பக்கத்தில் இருப்பது பத்ருக்குச் சமமாக எண்ணப்பட்டது என்பதை மெஷின் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு நினைப்பதற்கும், மேடையில் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நம் பழந்தமிழிலும் தேடினேன். மனைவியை இழந்தவனின் நிலைக்குத் தபுதார நிலை என்று தொல்காப்பியம் பெயரே வைத்திருக்கிறது. சேரமான் மாக்கோதை மனைவி இறந்தபோது பாடியது புறநானூற்றில் 245ஆம் பாட்டு. இழந்தவர்களுக்கு இலக்கியத்தில் இடம் தாராளம். இழக்காமல் காத்துக்கொண்டிருப்பவருக்கு? காஞ்சித் திணையில் தொடாக் காஞ்சி என்று ஒரு துறை உண்டு. போரில் புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தொடாமல் மனைவி காப்பது அது. அரிசில் கிழாரின் 281ஆம் புறப்பாட்டில் அந்தக் காட்சியை விரிவாகப் பார்க்கலாம். வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், யாழ் வாசித்துக் காஞ்சி பாடுகிறார்கள், புகை போடுகிறார்கள். பேய் நம்பிக்கை நமக்கில்லை. ஆனால் காயப்பட்டவனின் வீட்டில் செய்யும் வேலைப் பட்டியலில் பாட்டும் ஒன்றாக இருந்தது என்பதைப் பல்கலைக்கழகத்தில் சோதனைக்குப் பாடமாக்கியபோது நான் கவனிக்கவேயில்லை.

நம் காலத்தில் இதை எழுதியவர்களில் அமெரிக்கக் கவிஞர் டொனால்ட் ஹோலின் கதை விசித்திரமானது. அவருக்குத்தான் முதலில் புற்றுநோய், 1989இல் குடலிலும் 1992இல் ஈரலிலும். பார்த்துக்கொண்டவர் மனைவி ஜேன் கென்யன், அவரும் கவிஞர். 1994 ஜனவரியில் அந்த மனைவிக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1995 ஏப்ரலில் அவர் காலமானார். அந்த நாட்களைப் பற்றி ஹோல் எழுதிய கவிதைகள் 1998இல் நூலாயின. மருந்துகளின் பெயர்களும் ஆஸ்பத்திரிச் சாமான்களும் நிறைந்த கவிதைகள். துக்கம் என்ற சொல்லைவிட மருந்தின் பெயர் அங்கே கனமாக விழுகிறது.

அதே 1998இல் இங்கிலாந்தில் ஜோன் பெய்லி, அல்ஸைமர் நோய்க்கு ஆளாகியிருந்த தன் மனைவி, நாவலாசிரியர் ஐரிஸ் மேர்டொக் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். மனைவி அப்போது உயிரோடு இருந்தார்; அடுத்த வருடம்தான் காலமானார். அன்பான புத்தகம் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. சம்மதம் சொல்ல முடியாத ஒருவரின் இயலாமையை ஊருக்குக் காட்டியது சரியா என்று கேட்டவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்கிறது குர்ஆன். ஆரோக்கியமான காலத்தில் இந்த வார்த்தைக்கு நாம் இனிமையான விளக்கம் சொல்வோம். உடுப்பு மாற்றிவிட ஆள் தேவைப்படும் காலத்தில்தான் அதன் முழுப்பொருள் வெளிக்கிறது. நோயாளியின் உடம்பு நம்மிடம் உள்ள அமானிதம். கொப்பியில் எழுதுவதற்கு நான் எல்லை வைக்கவில்லை. வெளியே போவதற்கு எல்லை வைத்திருக்கிறேன்.

அதனால் இப்போது இரண்டு கொப்பி. நிறையும் தண்ணீரும் எழுதிய கொப்பி கிளினிக்குக்குப் போகும், டொக்டர் பார்ப்பார். மற்றது என் பாடக்குறிப்புக் கொப்பிகளுக்கிடையில் இருக்கிறது. அவரை மெஷினில் போட்டு முதல் அரை மணித்தியாலம் கழிந்த பின், பிரஷர் விழவில்லை என்று கண்டுதான் அதை எடுப்பேன். பதினைந்து நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து. இரவில் எழுதுவதை விட்டுவிட்டேன். இரவில் எழுதினால் அது என்னைப் படுக்க விடாது. எழுத்துப் பிழை பார்ப்பதில்லை, இது ஓர் ஆசிரியைக்குச் சுலபமில்லை. சில பக்கங்களைக் கிழித்து எரித்திருக்கிறேன், அவையும் பயன்பட்டவையே. எழுதினால் மனம் மேலும் மேலும் இருட்டாகிறது என்று கண்டால் நிறுத்திவிட வேண்டும். நித்திரை வாராமல், சாப்பாடு இறங்காமல், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருமானால் அது கொப்பியின் வேலை அல்ல. வைத்தியரிடம் சொல்ல வேண்டும்; 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் இருக்கிறது. ஈமான் குறைந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களோ என்று பயந்து பேசாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு நாளும் ஸுப்ஹுக்குப் பிறகு அவருடைய இடது கையைத் தொட்டுப் பார்ப்பேன். மெஷினுக்கு இரத்தம் எடுப்பதற்காக அங்கே நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சையால் இணைத்திருக்கிறார்கள். விரலை வைத்தால் ஓர் அதிர்வு தெரியும், பூனை மடியில் கிடந்து குறுகுறுப்பது போல. அது இருந்தால் இரத்தம் ஓடுகிறது. நின்றால் உடனே ஆஸ்பத்திரி. அந்தக் கையில் பிரஷர் எடுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. கிளினிக் கொப்பியில் இதற்கு 'சரி' என்று ஓர் அடையாளம் போடுவேன். மற்றக் கொப்பியில் இதைப் பற்றி ஆறு பக்கம் இருக்கிறது.

ஒரு நாள் மெஷினில் கிடந்தபடி கேட்டார், "என்னத்தப் புள்ள இவ்வளவு எழுதுறீங்க? என்னப் பத்தியா?" ஓம் என்றேன். "அப்ப நான் சொல்றதையும் எழுதுங்க" என்றார். அன்று தொடக்கம் சில நாட்களில் அவர் சொல்ல நான் எழுதுகிறேன். பெரும்பாலும் நோயைப் பற்றி அல்ல. சின்ன வயதில் வாப்பாவோடு ஆற்றுக்குக் குளிக்கப் போனது, மதுரங்குளி வழியாகப் பஸ்ஸில் போகும்போது குடித்த இளநீர், எங்கள் வீட்டுக் கிணற்றின் ருசி. எல்லாம் தண்ணீராகவே வருகிறது. அவருக்கு அது தெரிந்துதானா என்று நான் கேட்கவில்லை.

இக்கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். குவளையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போன இடத்தையும் எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"வாணாம், அது இருக்கட்டும்" என்றார். "ஐஸ் கட்டி சின்னன் என்டும் போடுங்க."