கூரையைப் பிடித்திருக்கும் குழி

வீட்டுக்குப் பக்கத்தில் டிராக்டருக்கும் பட்டறைக்கும் ஒரு ஷெட். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் அதை நிற்க வைப்பது தூண்களின் பலமல்ல, அவை ஊன்றிய மண்.

நல்லேப்பிள்ளியில் யாரும் காற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. அது தானே வரும், அதுவும் ஆண்டுக்கு இரண்டு முறை, இரண்டு திசைகளிலிருந்து. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுவைத்திருக்கும் ஒரே பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். ஜூன் பிறந்தால் அரபிக் கடல் காற்று அதன் வழியாகக் கிழக்கே பாய்கிறது. மார்கழி வந்தால் கொங்குச் சமவெளியின் வறண்ட காற்று அதே வழியாக மேற்கே பாய்கிறது. 1990-களில் கேரள மின்வாரியம் காற்றாலைகளை நிறுவ இந்தக் கணவாயில் உள்ள கஞ்சிக்கோட்டைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல.

சித்தூருக்குப் பக்கத்தில், தென்னையும் நெல்லும் சூழ்ந்த இந்த ஊராட்சியில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்குகின்றன. மாட்டு வண்டி நின்ற இடத்துக்கு இங்கே டிராக்டரும் பவர் டில்லரும் வந்துவிட்டன. கலப்பை, ரொட்டவேட்டர், பம்பு மோட்டார், வெல்டிங் இயந்திரம் என்று சாமான்கள் பெருக, வீட்டை ஒட்டாமல் தனியாக ஒரு ஷெட் தேவைப்படுகிறது. நான்கு குழி தோண்டி இரும்புக் குழாய் நட்டு, மேலே தகர ஷீட் போட்டால் ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. சுவர் எழுப்ப வேண்டாம், அஸ்திவாரக் கால்வாய் வேண்டாம், செலவும் குறைவு. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஷெட் கட்டுகிற பெரும்பாலானோர் பயப்படுவது கூரை தலையில் விழுந்துவிடுமோ என்றுதான். தகரக் கூரையைப் பொறுத்தவரை அந்தப் பயம் தலைகீழானது. அது கீழே விழுவதைவிட மேலே பறப்பதற்குத்தான் அதிக வாய்ப்பு.

பழைய வண்டிக் கொட்டகைக்கு இந்தத் தொல்லை இல்லை. வைரம் பாய்ந்த பனை மரமோ கல்லுக்காலோ நட்டு, பனங்கை பரப்பி, ஓலையோ ஓடோ வேய்ந்தார்கள். இறவாரத்தில் ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். தாழ்ந்த கூரை என்பதால் காற்று பிடிக்கும் இடம் குறைவு. ஓலையின் இடுக்கிலும் ஓட்டின் சந்திலும் காற்று கசிந்து வெளியேறிவிடும். போதாததற்கு எடை வேறு. ஓட்டுக் கூரையில் ஓடு மட்டுமே சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறையாது. தகர ஷீட்டின் எடை அதே அளவுக்கு 5 கிலோதான். டிராக்டர் நுழைய வேண்டுமென்பதால் கூரையும் 10 அல்லது 12 அடிக்கு உயர்ந்துவிட்டது. கனம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்து, உயரம் இரட்டிப்பாகி, காற்று கசியும் இடுக்கும் அடைபட்ட கூரை இது.

5 டன் இழுப்பு

கட்டடங்கள் மீது காற்று செலுத்தும் விசையைக் கணக்கிட இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு விதித் தொகுப்பு வைத்திருக்கிறது. 1987-ல் வந்த பதிப்பு 2015-ல் திருத்தப்பட்டது. கணவாயின் இரு பக்கமும் உள்ள கோயம்புத்தூருக்கும் கோழிக்கோட்டுக்கும் அது தரும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். தினமும் வீசும் காற்றல்ல இது. 50 ஆண்டுகளில் ஒரு முறை எதிர்பார்க்கத்தக்க வன்காற்று. ஆனால் எந்த ஆண்டில் வரும் என்று அது சொல்லிவிட்டு வருவதில்லை.

அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ. ஒரு பக்கம் திறந்திருக்கும் ஷெட்டில், உள்ளே புகுந்த காற்று கூரையை மேலே தள்ளுகிறது. மேலே ஓடும் காற்று அதே கூரையை உறிஞ்சி இழுக்கிறது. எதிர்காற்றில் விரித்த குடையின் கதைதான். இரண்டும் சேர்ந்தால் அந்த 93 கிலோ முழுவதுமே கூரையைத் தூக்கும் விசையாகிவிடலாம்.

இப்போது ஒரு சாதாரண ஷெட்டை எடுத்துக்கொள்வோம். 30 அடி நீளம், 20 அடி அகலம். டிராக்டருக்கு ஒரு பத்தடி, கருவிகளுக்கு ஒரு பத்தடி, பட்டறைக்கு ஒரு பத்தடி. நீளவாக்கில் பக்கத்துக்கு நான்காக மொத்தம் எட்டுக் கால்கள். கூரையின் பரப்பு 56 சதுர மீட்டர். தகரத்தின் மொத்த எடை 280 கிலோ. காற்று தூக்கும் விசையோ 5 டன்னுக்கு மேல். நடுவில் நிற்கும் ஒவ்வொரு காலும் கிட்டத்தட்ட 860 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும்.

அதைத் தாங்குவது எது? காலைச் சுற்றிக் குழியில் கொட்டிய கான்கிரீட்டின் கனம்தான். அவசரத்தில் தோண்டும் குழி ஒரு அடி சதுரம், ஒன்றரை அடி ஆழம். அதில் நிரம்பும் கான்கிரீட் சுமார் 100 கிலோ. இரண்டு அடி சதுரத்தில் மூன்று அடி ஆழம் தோண்டினால் 815 கிலோ. கூரையின் சொந்த எடையும் பக்கத்து மண்ணின் பிடிப்பும் சேரும்போது கணக்கு நேராகிறது. மூலைக் கால்களுக்குப் பங்கு குறைவுதான். ஆனால் ஓரங்களில் காற்றின் உறிஞ்சல் அதிகம் என்பதால் அங்கேயும் குழியைச் சிறிதாக்க முடியாது. மூன்றடிக் குழி ஆடம்பரம் அல்ல, குறைந்தபட்சத் தேவை.

குழிக்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வழவழப்பான குழாய் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். அடிப்பாகத்தில் ஒரு குறுக்குக் கம்பியை வெல்ட் செய்து இறக்கினால் குழாயும் கான்கிரீட்டும் ஒன்றாகிவிடும். சில அங்குலக் கம்பி செய்கிற வேலை இது.

வாசல் எந்தப் பக்கம்?

மேற்கிலும் கிழக்கிலும் காற்று வரும் ஊரில் ஷெட்டின் வாயை அந்த இரு திசைகளுக்கும் காட்டக் கூடாது. நீளவாட்டம் கிழக்கு மேற்காக, வாசல் வடக்கிலோ தெற்கிலோ. அப்போது காற்று உள்ளே நிரம்பாமல் பக்கவாட்டில் கடந்து போகும். மேற்குக் காற்றோடு வரும் சாரலும் உள்ளே அடிக்காது.

வெயிலும் இதையே சொல்கிறது. கோடையில் பாலக்காட்டின் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் காலை, மாலை வெயில் பட வேண்டியது குறுகிய பக்கங்களில்தான். பட்டறை வேலைக்கு வடக்கு வாசல் இன்னும் உகந்தது. ஆண்டின் பெரும் பகுதி நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் கிடைக்கும். கூரை முகட்டில் சூடான காற்று வெளியேற மூடியோடு கூடிய திறப்பு விட்டால் தகரத்தின் அனல் ஓரளவு தணியும்.

கால்கள் அழுகும் இடம்

மண்ணில் கால் நட்டு அதன் மேலேயே முழுக் கட்டடத்தையும் தாங்க வைப்பது நமக்குப் பந்தல் அளவுக்குப் பழைய வித்தை. அமெரிக்க விவசாயிகள் 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது இதைப் பெரிய அளவில் கையில் எடுத்தார்கள். மின்கம்பம், தந்திக் கம்பம் போன்ற மரங்களை வரிசையாக ஊன்றி, சுவர்ப் பாரம் இல்லாமல் தானியக் கொட்டகையும் வண்டி ஷெட்டும் கட்டினார்கள். அங்கே இன்றும் பண்ணை வீடுகளுக்குப் பக்கத்தில் அதே முறையில் ஷெட்கள் எழுகின்றன.

மண்ணில் புதைத்த மரம் அழுகாமல் இருக்க வழி கண்டவர்களில் ஒருவர் இந்தியர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோந்தி காமேசம், தாமிரம், குரோமியம், ஆர்சனிக் உப்புகள் சேர்ந்த கலவையை 1933-ல் உருவாக்கினார். மரத்துக்குள் அழுத்தி ஏற்றினால் பூஞ்சணமும் கரையானும் அண்டாது. உலகெங்கும் கோடிக்கணக்கான கம்பங்கள் அந்தக் கலவையால் நின்றன. ஆர்சனிக் விஷம் என்பதால் வீட்டு உபயோக மரங்களில் அதைப் பயன்படுத்துவதை அமெரிக்க உற்பத்தியாளர்கள் 2003-ம் ஆண்டு இறுதியோடு கைவிட்டார்கள். அப்படிப் பதம் செய்த பழைய கம்பம் கிடைத்தால் அதன் துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது.

மரமானாலும் இரும்பானாலும் கால் கெடுவது ஒரே இடத்தில், தரைமட்டத்தில். ஆழத்தில் காற்று இல்லை, மேலே ஈரம் நிற்பதில்லை. இரண்டும் சந்திக்கும் அந்த அரையடியில்தான் மரம் அழுகுகிறது, கரையான் ஏறுகிறது, குழாய் துருப்பிடிக்கிறது. குழிக் கான்கிரீட்டைத் தரைக்கு மேல் அரையடி உயர்த்தி, தண்ணீர் வழிந்தோடும்படி நாலா பக்கமும் சரித்துவிட்டால் தொல்லை பெரிதும் தீரும். கல்லுக்கால் கிடைக்கும் ஊரில் கரையான் கவலையே இல்லை. ஆனால் அதன் தலையில் இரும்புச் சட்டத்தைப் பிடித்து நிறுத்தத் துளையும் போல்ட்டும் வேண்டும். வெறுமனே மேலே உட்கார்ந்திருக்கும் விட்டம் முதல் வன்காற்றிலேயே கிளம்பிவிடும்.

சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதிகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. கேரளத்தில் கரிசல் மண் இருப்பது அநேகமாக இங்கு மட்டும்தான். கோடையில் வெடித்துப் பிளந்து, மழையில் உப்பிப் பெருகும் மண் அது. ஆழமில்லாத குழியில் நட்ட காலை ஆண்டுக்கு ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிடும். அங்கே மூன்றடியோடு நிறுத்தாமல், வெடிப்பு எட்டாத கெட்டி மண் வரை போவதுதான் பாதுகாப்பு.

ஒரு திருகாணி வரை

குழி மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஷீட்டைச் சட்டத்தோடும், சட்டத்தை ட்ரஸ்ஸோடும், ட்ரஸ்ஸைக் காலோடும் பிணைப்பவை அத்தனையும் அதே இழுப்பைத் தாங்க வேண்டும். எது பலவீனமோ அங்கே பிய்த்துக்கொள்ளும். ஓரங்களிலும் முகட்டிலும் திருகாணிகளை இரட்டிப்பாக்குவது, ரப்பர் வாஷர் இல்லாமல் ஒன்றையும் முடுக்காமல் இருப்பது, கால்களுக்கு இடையில் குறுக்கு முட்டு கொடுப்பது ஆகியவை சில்லறை வேலைகளாகத் தெரியும். முட்டு இல்லாத எட்டுக் கால்கள் ஒரே பக்கமாகச் சாயக்கூடியவை.

கட்டும் காலமும் முக்கியம். கிழக்குக் காற்று அடங்கி மேற்குக் காற்று ஆரம்பிக்காத பிப்ரவரி, மார்ச் மாதங்களே தோதானவை. கோடை மழையோடு சுழன்றடிக்கும் காற்று ஏப்ரலில் வந்துவிடும். பாதி வேய்ந்த கூரைதான் அதற்கு எளிதில் அகப்படும். கான்கிரீட்டுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு இறுகவிட்ட பிறகே ட்ரஸ் ஏற்ற வேண்டும்.

அஸ்பெஸ்டாஸ் ஷீட் எடை கூடியது, அதனால் நல்லது என்று வாதிடுவோர் உண்டு. அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் கிளம்பும் தூசி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது. மேலே ஏறி மிதித்தால் உடைந்து ஆளையே கீழே தள்ளிவிடும்.

ஷெட்டை ஏன் வீட்டோடு ஒட்டிக் கட்டக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. மூடிய இடத்தில் ஓடும் எஞ்சினின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாத விஷம். படுக்கையறைக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. வெல்டிங் பொறியும் டீசல் கேனும் ஒரே ஷெட்டில் எதிரெதிர் மூலைகளில் இருப்பதுகூடப் போதாது. எரிபொருளுக்குத் தனி இடம் வேண்டும். விவசாய மோட்டாருக்குத் தந்த இணைப்பிலிருந்து வெல்டிங் இயந்திரத்துக்கு வயர் இழுத்தால் அபராதம் வரலாம். முறையான எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இல்லாத தகர ஷெட்டில் ஒரு பழுதடைந்த வயர் மொத்தக் கட்டடத்தையும் மின்சாரமாக்கிவிடும்.

குழி தோண்டும் முன் பார்க்க வேண்டிய காகிதமும் ஒன்று இருக்கிறது. 2008-ல் வந்த கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவு வங்கியில் நெல்வயலாகப் பதிவான நிலத்தை இஷ்டப்படி நிரப்ப முடியாது. தனிநபருக்கான சலுகை குடியிருக்க வீடு கட்டுவதற்குத்தான், டிராக்டர் குடியிருப்பதற்கு அல்ல. கிராம அலுவலகத்தில் நிலத்தின் வகையையும், ஊராட்சியில் கட்டட அனுமதியையும் முதலிலேயே கேட்டுவிட்டால் எழுப்பிய ஷெட்டை இடிக்க வேண்டி வராது.

ஷீட்டின் நிறத்தையும் கம்பெனியையும் பற்றி வீட்டில் பல நாள் பேச்சு நடக்கும். குழியைப் பற்றி ஒரு நிமிடப் பேச்சும் நடக்காது. மண் மூடிய பிறகு அதன் ஆழம் யாருக்கும் தெரியப் போவதில்லை. கான்கிரீட் கொட்டும் நாளில் ஷெட்டுக்கு உரியவர் கையில் ஓர் அளவு நாடாவோடு குழியருகே நின்றால் போதும். பல லட்ச ரூபாய் டிராக்டருக்கும், அதன் அடியில் படுத்து வேலை பார்க்கும் மனிதருக்கும் அதைவிட மலிவான காப்பீடு கிடையாது.